சவுனாவில் வளர்ந்த செடி

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும், வெய்கோ. இந்த வீட்டுல அந்தச் செடி இருக்கணுமா, நான் இருக்கணுமா?”

“கத்தாத ஐலா. செடிக்கு ஆகாது.”

“ஓகோ, அதுக்குக் காதும் முளைச்சாச்சா?”

சட்பரி ஊரில் அந்தத் தெரு முழுக்கப் பின்லாந்துக்காரர்கள்தான். ஜனவரிக் குளிரில் எல்லா ஜன்னலும் அடைத்துக் கிடந்தாலும், ஐலா வீட்டுச் சண்டை மட்டும் எப்படியோ வெளியே வந்துவிடும். ஒன்றரை மாதமாக ஒரே சண்டை. காரணம், தொட்டியில் வளரும் ஒரு கஞ்சாச் செடி.

கனடாவில் வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. வெய்கோ வைத்தது ஒன்றே ஒன்று. முப்பத்தோரு வருடம் நிக்கல் சுரங்கத்தில் குனிந்து தேய்ந்த முதுகுக்கு, அதன் எண்ணெய் ஒன்றுதான் தூக்கம் கொடுக்கிறது என்றார். அதில் தெருவில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அதை வளர்க்க அவர் பிடித்த இடம் நிலவறைச் சவுனா. நீராவிக் குளியலை நிறுத்திய பின்லாந்துக்காரரை அந்தத் தெரு அதற்குமுன் கண்டதில்லை. சனிக்கிழமை தவறாமல் புருஷனும் பெண்டாட்டியும் துணியில்லாமல் உட்கார்ந்து வியர்த்த பலகையில் இப்போது உர டப்பாக்கள். அதற்குமேல், பக்கத்து வீட்டு ஆர்வோ இனாமாகக் கொடுத்த, ரோட்டு விளக்கு மாதிரி ஒரு சோடியம் விளக்கு.

செடி மஞ்சளடித்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து வெய்கோ மேலே வருவதில்லை. கட்டிலைச் செடிக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். கக்கூஸும் கீழேயே இருந்ததால் படியேற அவசியமும் இல்லாமல் போயிற்று.

“நேத்து வச்ச மீன் சூப் அப்படியே இருக்கு,” என்றாள் ஐலா. “எந்நேரமும் உடம்பச் சொறிஞ்சுக்கிட்டு இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. நாலு மாசம் காக்க வச்சு டாக்டர் நேரம் கொடுத்தார். போனியா?”

“விளக்குச் சூட்டுல தோல் காயுது, அதான் அரிப்பு. டாக்டர் எங்க ஓடிடப் போறார்? இது மூணு வாரத்துல அறுக்க வேண்டிய செடி. இது போச்சுன்னா குளிர்காலம் பூரா நான் முழிச்சுக்கிட்டே கிடக்கணும்.”

அந்த நேரம் பார்த்து ஆர்வோ படியிறங்கி வந்தார். தாரமிழந்தவர். அவர் வருவது செடிக்காகவா, ஐலா சுடும் ஏலக்காய் பன்னுக்காகவா என்று தெருவில் ஒரு சந்தேகம் உண்டு.

“கீழ் இலை மட்டும் பழுத்தா தழைச்சத்துக் குறைவு,” என்று கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஆரம்பித்தார். “குருத்து மட்டும்னா இரும்பு. நரம்பு பச்சையா நின்னு நடுவுல வெளுத்தா மக்னீசியம். இதுல மேல கீழ எல்லாம் ஒரே மஞ்சளா இருக்கே. என்னென்ன கொடுத்த?”

“என்ன கொடுக்கல? மீன் உரம், எப்சம் உப்பு, இரும்புச் சத்து. இலை நுனி கருகினதுதான் மிச்சம்.”

ஆர்வோ உதட்டைப் பிதுக்கினார். “இவ்வளவு ஊட்டியும் மஞ்சள் போகலைன்னா அது பசி இல்லப்பா. உள்ள ஏதோ பெரிய கோளாறு. நாமதான் லேட்டாப் பாத்திருக்கோம்.”

“அப்ப பிழைக்காதா?”

வெய்கோ கேட்ட விதத்தில் ஐலாவுக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரே ஒரு கணம்தான்.

“பிழைக்காததை எதுக்கு மடியில வச்சுக் கொஞ்சணும்?” என்று தொட்டியை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள்.

“ஐலா, வெளியில மைனஸ் இருபது. செத்துரும்.”

“சாகட்டும். அப்பவாவது நீ மேல வருவ.”

பின்கதவைத் திறந்து தொட்டியைப் பனிமேல் வைத்தாள். நடுப்பகல் வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. காலால் எட்டி உதைக்கப் போனவள் அப்படியே நின்றாள். செடி பச்சைப்பசேலென்று இருந்தது. தின்று கொழுத்த கரும்பச்சை.

பின்னாலேயே ஓடிவந்த ஆர்வோ நெற்றியில் அடித்துக்கொண்டார். “எல்லாம் நான் கொடுத்த விளக்கு பண்ணின வேலை. அதுக்குக் கீழ எதைப் பாத்தாலும் மஞ்சளாத்தான் தெரியும். இலையைப் பகல் வெளிச்சத்துல பாக்கணும்னு தெரிஞ்சும், அந்தப் பொந்துக்குள்ளயே உக்காந்து பாத்துட்டேனே. இதுக்கு ஒரு நோயும் இல்ல.”

ஒன்றரை மாதத்தில் முதல்முறையாக ஐலா சிரித்தாள்.

“ஏ கிழவா, மேல வந்து உன் நோயாளியைப் பாரு.”

வெய்கோ படிக்குப் படி மூச்சு வாங்கி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். செடியைக் கண்டதும் அவருக்கும் சிரிப்பு வந்தது.

“பாத்தியா,” என்று அவர் பக்கம் திரும்பிய ஐலா, அவர் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

மே மாதம் அவள் வீட்டை விற்றுவிட்டுத் தண்டர் பேயில் இருக்கும் தங்கையிடம் போய்ச் சேர்ந்தாள். புருஷன் துக்கத்துக்கு உடுத்திய கறுப்பு உடுப்பைக் கழற்றியதும் ஆர்வோவைக் கட்டிக்கொள்வாள் என்று ஆரூடம் சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஊரைவிட்டுப் போகும்வரை அவள் ஆர்வோவிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அன்று அந்தப் பனி வெளிச்சத்தில் செடியில் ஓர் இலைகூட மஞ்சளாக இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற வெய்கோதான், கண்ணின் வெள்ளைவரை மஞ்சளாக இருந்தார்.