நடுவுக்கு வந்த பட்டன்

"இதை மாத்தச் சொல்லி உங்களை ஆர் கேட்டது?"

நகுலேஸ்வரன் கத்தியது மனிதரைப் பார்த்தல்ல, கணினித் திரையைப் பார்த்து.

பிரெஞ்சு பேசும் ஊரான சென்ட் லோரன்டில் உள்ள அந்தக் களஞ்சிய அலுவலகத்தில் அன்று காலை எல்லோருக்கும் தலை சுற்றியது. சனி ஞாயிறு கழித்து வந்து பார்த்தால், கணினிகள் எல்லாம் புதுக்கோலம் பூண்டிருந்தன. இத்தனை வருஷமாக இடது மூலையில் கிடந்த ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு வந்துவிட்டது. பழகிய படங்கள் ஒன்றும் பழகிய இடத்தில் இல்லை.

"அண்ணை, நான் பிரிண்ட் எடுக்கத்தான் அமத்தினனான். மெஷின் நிண்டுபோச்சு!" என்றான் இளைஞன் பிருந்தன்.

கூட வேலை செய்யும் ஜினெட் பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். அது திட்டு என்று விளங்கிக்கொள்ள யாருக்கும் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

வெளியே லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றார். அவருடைய பெட்டிகளுக்கு ஒட்ட வேண்டிய லேபிள்கள் கணினிக்குள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரியவில்லை.

"விளங்கின ஆக்கள் ஆரும் இருந்தாக் கையைத் தூக்குங்கோ பாப்பம்!" என்றார் நகுலேஸ்வரன்.

யாரும் தூக்கவில்லை. இந்திராதேவி மட்டும் தன்பாட்டில் லேபிள் அடித்துக்கொண்டிருந்தார்.

அதுதான் வேடிக்கை. அங்கே எப்போதும் கடைசியாக வேலை முடிப்பவர் அவர்தான். "இனியும் இப்படி இழுத்தால் வேறு ஆளைப் பார்ப்பேன்" என்று முதலாளி போன கிழமைதான் எச்சரித்திருந்தார். இந்திராதேவியின் வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவர்தான்.

"அக்கா, உங்களுக்கு இது குழப்பமா இல்லையோ?" என்று கேட்டார் நகுலேஸ்வரன்.

"எனக்கு நல்லாயிருக்கு தம்பி. இப்பிடியே இருக்கட்டும்."

பிருந்தன் நகுலேஸ்வரனின் காதுக்குள் குனிந்தான்.

"முதலாளி ஆசைப்பட்டு மாத்தினதெல்லோ? அவவுக்கு நல்லாத்தான் இருக்கும். பக்கத்து மேசையில இருந்து நான் நெடுகலும் வணக்கம் சொல்லுறன், ஒருநாள் திரும்பிப் பாத்திருப்பாவோ? அவ்வளவு தலைக்கனம்!"

கணினிகளைப் பராமரிக்கும் சேவியர் வந்து சேர்ந்தான். சென்னைப் பையன். வந்ததும் வராததுமாக நாலு பக்கமும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இருங்க, இருங்க. பழைய மாதிரி வைக்க முடியும் சார். ஆனா எல்லா மெஷினும் ஒரே மாதிரிதான் இருக்கணும். ஆளுக்கு ஒரு தினுசா வைக்க முடியாது. நீங்க எல்லாரும் ஒத்துக்கிட்டா, லஞ்ச் முடிஞ்சதும் மாத்திடறேன்."

"எல்லாரும் ஒண்டுதான்! இந்திராதேவி அக்காவோடை நான் கதைக்கிறன்" என்றார் நகுலேஸ்வரன்.

மத்தியானம் நகுலேஸ்வரன் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு இந்திராதேவி இருந்த மேசைக்குப் போனார். இருவரும் மெல்லக் கதைத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவருடைய பெட்டி திறக்கப்படாமலே இருந்தது.

"சார், மாத்திடவா?" என்றான் சேவியர்.

"வேண்டாம்."

"என்ன சார்?"

"புதுசே இருக்கட்டும். பழகினாச் சரி."

பிருந்தன் துள்ளி எழும்பினான்.

"அண்ணை, காலமை கத்தினது நீங்கள்தானே?"

"அது காலமை."

"இப்ப என்ன புதுசா நல்லாப் போச்சு? ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்!"

நகுலேஸ்வரன் திரையைப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"நிறம்... நிறம் நல்லாயிருக்கு."

ஜினெட் தலையில் கை வைத்தாள். "பெரியவர் வேண்டாம்ங்கிறார், நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுச் சேவியர், தப்பினோம் பிழைத்தோம் என்று நழுவினான்.

"முதலாளி கூப்பிட்டுக் கதைச்சிருப்பார். உடனே வால்பிடிக்கத் தொடங்கிட்டார்" என்றான் பிருந்தன், அவருக்குக் கேட்கவேண்டும் என்றே.

காலையில் கொடி பிடித்தவரே மத்தியானம் கொடியைச் சுருட்டி வைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதன்பிறகு அவரோடு ஒருவரும் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. இதில் பகிடி என்னவென்றால், பட்டனைத் தேடி அவருடைய கையே அடிக்கடி இடது மூலைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் முணுமுணுத்தார்.

வேலை முடிந்தது. பிருந்தனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நறுக்கென்று இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று பஸ் தரிப்புக்கு விரைந்தான்.

அங்கே நகுலேஸ்வரனும் இந்திராதேவியும் நின்றார்கள். அவன் பின்னால் வந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"தம்பி, ஸ்ட்ரோக் வந்த பிறகு எனக்கு இடப்பக்கம் தெரியிறேல்லை எண்டதை ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே? அந்தப் பட்டன் மூலையில இருக்கேக்கை அதைத் தேடித் தேடித்தான் நான் பிந்தினனான். முதலாளிக்குத் தெரிஞ்சால் நாளைக்கே நிப்பாட்டிப்போடுவார்."

அவருக்கு இடப்பக்க மேசையில் இருந்து வணக்கம் சொல்லும் பிருந்தன் நின்ற இடத்திலேயே நின்றான்.

நகுலேஸ்வரன் சிரித்தார்.

"சொல்லவேண்டியே வரேல்லை அக்கா. நான் முதலாளிக்கு வால்பிடிக்கிறன் எண்டு அவையே முடிவு கட்டிட்டினம்."