பார்வையாளர் பக்கத்து விளக்கு

“அக்கா, இன்னைக்கு மட்டும் ஜனங்க பக்கத்து லைட்டை அணைச்சிடேன்” என்றான் நடிகன்.

நாடகத்தை இயக்கும் அக்காவுக்குச் சுருக்கென்றது.

“நம்ம நாடகத்துல அது நடக்காது. இருட்டுல உக்காந்தா அழுதுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. வெளிச்சத்துல உக்காந்தாத்தான் யோசிப்பாங்க. நீயும் அவங்க முகத்தைப் பார்த்துக் கேள்வி கேக்கணும்.”

“அதான் முடியல.”

“இத்தனை வருஷம் கழிச்சுக் கூச்சமா?”

“இருட்டா இருந்தா, யாராவது வந்திருக்காங்கன்னு நெனச்சுக்குவேன்.”

நாடகம் தொடங்கும் நேரமாகியும் காலியாகவே கிடந்த நாற்காலிகளை அக்கா பார்த்தாள். விளக்கை அணைத்தாள்.

அவன் மேடை விளிம்புக்கு வந்தான். “ஆலையை மூடினது யாரு? நீங்களே சொல்லுங்க.”

கடைசி வரிசை இருட்டில் யாரோ இருமினார்கள்.

அக்காவின் இருமல் அவனுக்குத் தெரியாததா? இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பி, அடுத்த கேள்வியை இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டான்.