சார்ஜ் எடுக்க ஓர் இடம்

வாட்ச்மேன் பியூஸ் அந்த மெஷினைப் பளபளவென்று துடைத்து, சுற்றிலும் பெருக்கி, கடைசியில் அதன் கழுத்தில் 'பழுது' என்ற அட்டையை மாட்டினார். மெஷின் அம்சமாக வேலை செய்துகொண்டிருந்தது. அதுதான் பிரச்சினையே.

காருக்கும் ஸ்கூட்டருக்கும் சேர்த்து ஊரில் இருந்த ஒரே பொதுச் சார்ஜர், நகராட்சி ஆபீஸ் வாசலில் நின்ற இதுதான். அதில் காலை முதல் மாலை வரை மேனேஜரின் சொந்தக் கார் தொங்கிக்கொண்டிருக்கும். பழுதான மெஷினில் கார் எப்படி என்று யாராவது கேட்டால், "டெஸ்ட் பண்றோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது பியூஸின் உத்தியோகம். வருகிறவர்கள் முகத்தில் இருக்கும் வெளிச்சத்தைப் பிடுங்கிவிடுவார் என்று ஊர் வைத்த பெயர்தான் 'பியூஸ்'.

இன்று புது கமிஷனர் வருகிற நாள். மேனேஜர் பூங்கொத்தோடு ரயிலடிக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டுப் போனார், இன்றைக்கு எவனாவது புகார் என்று வந்து நின்றால் நாளையிலிருந்து பியூஸ் வரவேண்டாம் என்று. பியூஸின் மகளுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண்மணி, உயிர்போன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். லாட்ஜில் கேட்டால் ரூம் எடுத்தால்தான் பிளக் என்றார்களாம். தியேட்டரில் டிக்கெட் வாங்கச் சொன்னார்களாம்.

"இங்கதானே சார்ஜ் எடுக்கணும்?" என்றார்.

"போடணும்னு சொல்லுங்கம்மா. எடுத்தா இருக்கிறதும் போயிடும்."

"அப்ப எனக்கு ரெண்டுமே வேணும்."

வெயில் தலைக்கேறிவிட்டது போல என்று நினைத்த பியூஸ், வழக்கம்போல அட்டையைக் காட்டினார். அந்தம்மா அதை இரண்டு தரம் படித்துவிட்டு, புகார் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சாதாரணமாகக் கேட்டார்.

புகார் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், பியூஸ் மெஷினிடம் ஓடினார். அட்டையைக் கழற்றித் தூர வைத்தார், தன் கையாலேயே பிளக்கைச் சொருகினார், தன் நாற்காலியைத் தூக்கி வந்து நிழலில் போட்டார். குடிக்கத் தண்ணீரும் வந்தது. இத்தனையும் செய்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்டால்தானே.

மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை, அட்டை மேனேஜர் சொல்லித் தான் எழுதியது, திறப்பு விழா அன்றைக்குச் சாயங்காலமே எழுதியாயிற்று என்று ஒன்றுவிடாமல் கொட்டினார். அந்தம்மா சுவாரசியமாகக் கேட்டார். நடுநடுவே தேதிகூட விசாரித்தார். இத்தனை பொறுமையாகத் தன் பேச்சை யாரும் கேட்டதில்லை என்று பியூஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

அரை மணி நேரத்தில் மேனேஜரின் கார் தெருமுனையில் திரும்பியது. பியூஸ் பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

"மேனேஜர் வந்துட்டாரும்மா. பின்னாடியே புது கமிஷனரும் வந்துடுவாரு. யார் கண்ணுலயும் படாம ஓடிடுங்க, என் வேலை போயிடும்."

அந்தம்மா தண்ணீரைக் குடித்து முடித்து, சொம்பை அவர் கையில் கொடுத்தார்.

"ஓட முடியாதே அண்ணே. மூணு வருஷத்துக்கு எனக்கு இங்கதான் போஸ்டிங் போட்டிருக்காங்க."