வெயில் வரிசையின் கடைசிச் செடி

ஒரு செடி மட்டும் கறுத்திருந்தது.

ரஞ்சிதா குனிந்து பார்த்தாள். பந்தலுக்கு வெளியே, வெட்டவெளியில் இருக்கிற வரிசை அது. மற்ற செடிகளெல்லாம் வெயிலில் மஞ்சள் பாய்ந்து நிற்க, வேலியோரத்துக் கடைசிச் செடி மட்டும் கரும்பச்சையாக, இலை அகன்று மெல்லிசாக இருந்தது.

மலையில் விளைகிற தேயிலையைக் கடப்பாக்கத்து மணலில் விளைவித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர் முதலாளி சுப்புராமன். பாதிச் செடிகளுக்குக் கறுப்பு வலைப் பந்தல் போட்டார். மீதியை ஒப்பிட்டுப் பார்க்க வெயிலில் விட்டார்.

தேயிலைக்கு மூன்று வாரம் விலகாத நிழல் வேண்டும். அப்போதுதான், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடக் கூடாதென்று இலை அகலும், கறுக்கும், கசப்பு போய் இனிக்கும். அதற்கு முன்னால் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

"இதுக்கு யாரும்மா நிழல் கட்டினது?" என்றார் பின்னால் வந்து நின்ற சுப்புராமன்.

"யாரும் கட்லீங்க சார். இங்க ஒரு மரங்கூட இல்லியே."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே பந்தலுக்குள் போய்விட்டார்.

கடலுக்குப் போன அவள் புருஷன் லோகு இன்னும் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. காரியத்துக்கு நாள் குறிக்கலாமா என்று கொழுந்தன் பூபாலன் இன்று காலையும் வந்து நின்றான். உடம்பைப் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று கத்தித் துரத்திவிட்டாள். அவனைக் காற்று ஆந்திரா பக்கம் தள்ளியிருக்கும். யாராவது புண்ணியவான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பான். இன்றைக்கோ நாளைக்கோ போன் வரும்.

ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள்.

இனித்தது.

வேலியைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் மணல், அப்புறம் கடல். குறுக்கே ஒன்றுமில்லை.

இந்தச் செடிக்கு நேராக, லோகு வந்து நிற்கிற இடம் அது. கரையேறியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கேதான் வருவான். முதலாளி திட்டுவார் என்று கூப்பிட மாட்டான். அவளாக நிமிர்ந்து பார்க்கும்வரை பேசாமல் நிற்பான். எவ்வளவு நேரமானாலும் நிற்பான்.

அவன் இல்லாத அந்த இடத்தைப் பார்க்கத் தாங்காமல், படகு ஒதுங்கிய நாளிலிருந்து அவள் இந்தப் பக்கம் நிமிரவே இல்லை. தண்ணீரைக்கூடத் தள்ளி நின்று, தலையைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினாள்.

படகு ஒதுங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

கறுத்த செடியை மறுபடி பார்த்தாள். போனை எடுத்தாள்.

"பூபாலா, நீ சொன்னாப்லியே காரியத்துக்கு நாள் பாத்துடு."

கடலுக்கு முதுகைக் காட்டி, செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சுற்றிலும் மணல் கால் வைக்க முடியாமல் காய்ந்தது.

அவள் முதுகில் மட்டும் வெயில் படவில்லை.