சுருளாத நாற்றுகள்

இலை சுருளாத அந்த ஒற்றை மிளகாய்ச் செடிக்கு மருதனார்மடச் சந்தை வியாபாரி ஒரு கறவைப் பசுவின் விலை சொன்னார். விவசாயம் படித்த குமாரவேலு விற்கவில்லை. சுருட்டை நோய் விழுந்த செடியின் மகரந்தத்தை அதன் பூவில் தடவி, இரண்டு தலைமுறை விதை எடுத்து, அயலுக்கும் நாற்றுக் கொடுத்தார். அப்படிக் கலந்தால் இரண்டாம் தலைமுறையில் நாலுக்கு ஒன்று சுருள வேண்டும் என்பது படிப்பு. நோயைப் பரப்பும் வெள்ளை ஈ மொய்த்தும் எங்கேயும் ஒன்றுகூடச் சுருளவில்லை.

“சுருளாட்டி நல்லதுதானே? உங்களுக்குச் சந்தோசப்படவும் புத்தகம் பாக்கவேணும்,” என்று மனைவி தவமணி நக்கலடித்தாள்.

“இல்லையப்பா, நாலிலை ஒண்டு சுருளத்தான் வேணும். அது எங்கை போச்சு?”

மறுநாள் பக்கத்து வீட்டு அருளம்மா வேலியால் கூப்பிட்டாள். “தம்பி, பிள்ளையின்ரை கையை ஒருக்காப் பாருங்கோ.”

விரல்கள் நுனியிலிருந்து உள்ளே சுருண்டிருந்தன. நரம்புகள் மஞ்சளாக ஓடின. நாற்று வாங்கிய மற்ற இரண்டு வீடுகளிலும் வீட்டுக்கு ஒருவர் கையை மறைத்துக்கொண்டு நின்றார்.

குமாரவேலு ஓடிவந்து செடிகளைப் பிடுங்கி, தட்டுப்பாடான மண்ணெண்ணெயில் ஒரு போத்தல் ஊற்றி எரித்தார். பிறகு தவமணியின் கைகளையும் இரண்டு மகள்மாரின் கைகளையும் விரித்து விரித்துப் பார்த்தார்.

“என்னப்பா, ரேகை சாத்திரமோ?” என்றாள் தவமணி.

அயலில் மூன்று வீடு, பன்னிரண்டு பேர், சுருண்டது மூவருக்கு. இந்த வீட்டில் நாலு பேர். இன்னும் ஒருவருக்கும் இல்லை. ஒன்று பாக்கி.