குழிக்குள் பேச்சு

அவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் குனிந்து கேட்டான்.

"மாப்ள, நேத்து என்ன கொழம்பு?"

"ஒந்தங்கச்சி வச்சதுக்குக் கொழம்புன்னு பேரு வேற வைக்கணுமா மச்சான்?"

அவன் சிரித்தான்.

கயிற்றின் மறுமுனை சாத்தையாவின் இடுப்பில் இருந்தது. சாத்தையா அவன் தங்கையைக் கட்டியவன்.

பொட்டல் வழியே மண்ணுக்குள் ஓடும் எரிவாயுக் குழாய் அந்தக் குழியில்தான் தலையைக் காட்டும். இரண்டு ஆள் ஆழம். அடியில் வால்வு. காலையில் அதன் இணைப்பில் சோப்புத் தண்ணீரை ஊற்றியபோது கொப்புளம் கொப்புளமாக நுரைத்தது. கசிவு. சோதனைக்கு அதிகாரி வருகிறார். அதற்குள் போல்ட்டை முறுக்கி அதை அடக்க வேண்டும்.

அந்த வாயுவுக்கு இந்த இடத்தில் மணம் கிடையாது. ஊருக்குள் போகும்போதுதான் நாற்றத்தைச் சேர்ப்பார்கள்.

ஆள் இறங்குமுன் வாயுவைக் காட்டும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். கருவி சூப்பர்வைசரின் காரில், மெத்தை வைத்த பெட்டிக்குள் படுத்திருந்தது. அதிகாரி பார்க்கும்போது அது புதுசாக இருக்க வேண்டுமாம்.

ஆகவே பேச்சு.

உள்ளே இருப்பவன் வாய் ஓயக் கூடாது. நாக்குக் குழறினால் தூக்கு. பேச்சு நின்றால் கை அறுந்தாலும் தூக்கு. அவர்களிடம் இருந்த கருவி அவ்வளவுதான்.

"பேசு மாப்ள."

"பேசிக்கிட்டேதான இருக்கேன். கட்டுனவகிட்டகூட இம்புட்டுப் பேசுனதில்ல. ஒங்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன்."

கருவேலங்காட்டு வளைவில் ஜீப் தெரிந்தது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"தூக்கிரவா சார்?"

"தூக்குறத அங்கருந்தே பாத்துருவாருடா. எங்க ஒளிப்ப?"

அவன் சுற்றிலும் பார்த்தான். பக்கத்தில் ஒரு புதர்கூட இல்லை.

சூப்பர்வைசர் குழிக்குள் குனிந்தார். "டேய், அதிகாரி வந்துட்டாரு. நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்காத."

"சரி சார்."

மூடியை அவரே இழுத்துப் போட்டார். காலால் நெட்டித் தள்ளினார். இரும்பின் ஓரத்தில் நசுங்கிக் கயிறு வெளியே வந்தது. மூடிமேல் ஈரச்சாக்கு. சாக்கின்மேல் அதிகாரிக்கு வாங்கி வைத்திருந்த இளநீர்க்குலை.

அவன் கயிறு வந்த ஓரத்தை மறைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மரியாதைக்கு நிற்பவன் போலத்தான் இருந்தது. கைக்குள் கயிறு.

அதிகாரி நல்ல மனிதர். இறங்கியதும் அவன் காலைத்தான் பார்த்தார்.

"ஷூ எங்கப்பா?"

"கழட்டி வச்சிருக்கான் சார். வெயிலு" என்றார் சூப்பர்வைசர்.

"வெயிலுன்னா? உயிர் பெருசா, வெயில் பெருசா?"

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார்.

பெட்டி திறந்தது. பளபளவென்று கருவி வந்தது. அதிகாரி அதைச் சாக்கின்மேல் நீட்டினார். பூஜ்யம். குழியைச் சுற்றி நடந்தார். பூஜ்யம். முகம் மலர்ந்துவிட்டது. நிழலுக்கு ஜீப்போரம் சாய்ந்துகொண்டு, பாடம் நடத்துகிறவர்போல அவனுக்கும் சேர்த்துச் சொன்னார்.

"இந்த வாயு வெளிய கசிஞ்சா மேல போயி போர்வை மாதிரி நிக்கும். பூமி வெந்து போயிரும். துளிகூட வெளிய விடக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவு சட்டம்."

கயிறு இழுபட்டது.

அவன் சூப்பர்வைசரைப் பார்த்தான். அவர் இளநீர் சீவிக்கொண்டிருந்தார்.

மறுபடி இழுபட்டது. இந்த முறை பலமாக.

அவன் முதுகுக்குப் பின்னால் கயிற்றை லேசாகச் சுண்டினான்.

கொஞ்சம் பொறு.

"ஏம்ப்பா," அதிகாரி அவனைத்தான் கேட்டார். "குழிக்குள்ள ஆள் எறங்குறது உண்டா?"

சீவிக்கொண்டிருந்த அரிவாள் நின்றது.

சாத்தையாவுக்கு இந்த வேலையைக் கெஞ்சி வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். கொடுத்தவர் இதே சூப்பர்வைசர். ஒரு வார்த்தையில் இரண்டு வீட்டு அடுப்பும் அவிந்துவிடும். ஒரு இளநீர் குடிக்கிற நேரம்தானே. அதற்குள் என்ன ஆகிவிடும்.

"இல்ல சார்."

"நல்லது. மெஷின எறக்குங்க, மனுசன எறக்காதீங்க."

அரிவாள் மறுபடி ஓடியது. அதிகாரி அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்தார். காயை ஆட்டிப் பார்த்தார்.

"வழுக்கை இருக்கும்போல?"

சூப்பர்வைசர் காயைப் பிளந்து, மட்டையில் ஒரு சில்லைச் சீவிக் கொடுத்தார். அதிகாரி வழித்து வழித்து நிதானமாகத் தின்றார்.

அவன் கயிற்றைச் சுண்டினான்.

மறுபடி சுண்டினான்.

பதில் இல்லை. வியர்வையில் கயிறு வழுக்கியது. கைகளை மாற்றிப் பிடித்தான். அதிகாரி அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

ஜீப் நகர்ந்ததும் அவன் குலையை எட்டி உதைத்தான். மூடியைப் புரட்டினான். உள்ளே கூப்பிடவில்லை. இரண்டு கையாலும் இழுக்கத் தொடங்கினான்.

ஏறி வருகிறவனின் பாரம் விட்டு விட்டு வரும். ஏணியில் கால் ஊன்றும்போது கயிறு இளகும்.

இது இளகாமல் வந்தது.

சூப்பர்வைசர் குழியைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடி நின்றார். ஜீப் இன்னும் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தது.

"மெதுவா இழுடா. வண்டி வளைவுல திரும்பட்டும்."

அவன் கை மெதுவாயிற்று.