ஏழாவது படியில் ஒரு வேலைநிறுத்தம்

“சின்ன மருமவ இனிமே கூடத்து வழியா மாடிக்குப் போவக்கூடாது. சாயங்காலத்துக்குள்ள வெளியால ஒரு படி நிக்கணும். முடியுமா, முடியாதா?”

முடியும் என்றுதான் கதிரேசன் எல்லம்மாவிடம் தலையாட்டியிருந்தார். அவருடைய படிக்கட்டு அப்படிப்பட்டது.

ஊரப்பாக்கத்துச் சந்துகளில் சாரம் கட்டவும் இடமில்லை, வெல்டிங் மிஷினை இறக்கவும் இடமில்லை என்று ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவரே வரைந்து செய்த சுருள் படிக்கட்டு. ஒவ்வொரு படியின் முனையிலும் ஒரு துண்டு பைப். டிபன் கேரியரை அடுக்குவதுபோல ஒன்றின் தலையில் இன்னொன்றைச் செருகி, போல்ட்டை முடுக்க வேண்டியதுதான். கீழ்ப்படியில் நின்றபடியே மேல்படியை மாட்டலாம். நாலடி இடம், பதினாலு படி, ஒரு ஸ்பானர். அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

ஐந்தாவது படியை மாட்டும்போது எல்லம்மா அடுத்ததைச் சொன்னாள்.

“இத்த முடிச்சிட்டு, உள்ள கீற மாடிப்படிக் கதவையும் கல்லு வச்சி அடச்சிரு.”

“எதுக்குக்கா?”

“எதுக்குன்னா, நான் சொல்றேன். அதுக்குத்தான்.”

கதிரேசனுக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டுச் சின்ன மகன் விபத்தில் போய் எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவன் பெண்டாட்டி ஜீவிதாவுக்குத் தனிப் படி. உள்கதவுக்குக் கல். அடுத்தது என்ன, மூட்டை முடிச்சுதானே?

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஆலை ஒன்றின் வாசலில் இருபத்திரண்டு வருடம் கொடி பிடித்தவர் கதிரேசன். கூட நின்றவர்களெல்லாம் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரிசையாக உள்ளே போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. அந்த மனுஷனா இதைப் பார்த்துக்கொண்டு போல்ட் முடுக்குவார்?

ஏழாவது படியை மாட்டினார். அதன்மேலேயே உட்கார்ந்தார். ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னா குந்திக்கின?”

“வேலைநிறுத்தம்.”

“இன்னாது?”

“அந்தப் பொண்ணுக்கு ஒரு நியாயம் கிடைக்கிற வரைக்கும் எட்டாவது படி ஏறாது.”

“ஒத்த ஆளு குந்திக்கினா அதுக்குப் பேரு ஸ்ட்ரைக்கா? எந்திரிப்பா. பெரியவன் வந்துடப் போறான்.”

“வரட்டும். அவர்கிட்டயும் பேசறேன்.”

“பேஜாரு புடிச்ச ஆளா கீறியே! ஊர்ல வேற ஆளா இல்ல, உன்னாண்ட போய் சொன்னேன் பாரு!”

எல்லம்மா தெருமுனையைப் பார்த்துப் பார்த்து முந்தானையைப் பிசைந்தாள். குற்ற உணர்ச்சி என்று கதிரேசன் முடிவு செய்துகொண்டார்.

சொன்னபடியே பெரிய மகன் தேவானந்தம் வந்துவிட்டான். பாதிப் படிக்கட்டைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. கதிரேசன் தன் கோரிக்கையைச் சொன்னதும் மலர்ந்துவிட்டது.

“சூப்பர் சார்! நீங்களாவது கேட்டீங்களே. ஒரே குடும்பம், எதுக்கு சார் ரெண்டு வழி? கழட்டிடுங்க. வண்டிக்கு நானே போன் பண்றேன்.”

கதிரேசனின் நெஞ்சு நிமிர்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய கோரிக்கை எதுவும் இவ்வளவு சீக்கிரம் ஏற்கப்பட்டதில்லை.

தேவானந்தம் இன்னும் உற்சாகமானான். “கூடத்துக் கதவு ஒண்ணு போதும் சார். ஒரு பூட்டு, ஒரு சாவி. அம்மாவுக்கு அப்புறம் அது என்கிட்டதான இருக்கப் போவுது, நான் பாத்துக்கறேன்.”

கதிரேசனுக்கு எங்கோ இடித்தது. நம் போராட்டத்துக்கு நிர்வாகம் கைதட்டினால், நம் துண்டறிக்கையை நாமே இன்னொரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். ஊருக்கெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தான் அது.

அந்த நேரத்தில் ஜீவிதா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். தாம்பரத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“என்னண்ணா, பாதியில நிக்குது?”

“உனக்காகத்தாம்மா நிறுத்தி வெச்சிருக்கேன். உன்னை ஒதுக்கப் பாக்கறாங்க, விடமாட்டேன்.”

“எனக்காகவா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கதிரேசன் யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லைதான்.

எல்லம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரிய மகனை நேராகப் பார்த்தாள்.

“போன வாரமே மாடிய இவ பேருக்கு ரிஜிஸ்டர் பண்ணிட்டேண்டா.”

வண்டிக்குப் போன் பண்ண எடுத்த செல்லைத் தேவானந்தம் பைக்குள் போட்டுக்கொண்டான். ஜீவிதா போய் மாமியாரின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கதிரேசனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அப்பாடா என்று எழுந்து நின்றார்.

“அக்கா, இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“உன்னாண்ட சொல்றதும், மைக்கு கட்டி சொல்றதும் ஒண்ணு. படி நின்னு, இவன் உள்ளால மாடிக்கு ஏற முடியாதபடி கதவும் அடஞ்சதுக்கு அப்புறம் இவனுக்குத் தெரிஞ்சா போதும்னு இருந்தேன்.”

மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எட்டாவது படியைத் தூக்கி அவரிடம் நீட்டினார்கள்.

“புடிப்பா. பத்திரத்துல மாடியக் குடுத்துட்டேன். நாளைக்கு நான் கண்ண மூடினதும் இவன் கூடத்தப் பூட்டிட்டான்னு வையி, அவ அந்தப் பத்திரத்து மேலயா ஏறிப் போவா?”